ஊவாவில் மக்கள் செறிவு: சராசரி சொல்வதும் சொல்லாததும்

ஒரு நாட்டில் மக்கள் எத்தனை பேர் என்பதை அறிவது ஒன்று. அவர்கள் எத்துணை நெருக்கமாக வாழ்கின்றனர் என்பதை அறிவது மற்றொன்று. முதலாவது குடித்தொகை, இரண்டாவது குடிசனச் செறிவு. ஒரு நாட்டின் மொத்த மக்களை அதன் நிலப்பரப்பால் வகுத்தால் வரும் ஈவே செறிவு. ஒரு சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் சராசரியாக எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை அது காட்டும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான் இது. ஆயினும் பாடசாலை எங்கே அமைய வேண்டும், வைத்தியசாலை எங்கே வேண்டும், பாதை எங்கே போட வேண்டும் என்ற பெரிய முடிவுகளெல்லாம் இந்தச் சிறிய கணக்கைத் துணைக்கொண்டே எடுக்கப்படுகின்றன. ஆகவே, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் நலம் பயக்கும். இலங்கையின் ஊவா மாகாணமும், அதன் தலைநகராகிய பதுளையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களும் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

முதலில் ஆசியாக் கண்டத்தை ஒருமுறை சுற்றி நோக்குவோம். உலக மக்களில் ஏறக்குறைய ஐந்தில் மூவர் ஆசியாவில் வாழ்கின்றனர். ஆயின், அவர்கள் கண்டம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. மொங்கோலியா 15 இலட்சம் சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய நாடு. அங்கு வாழ்வோர் சுமார் 35 இலட்சம் பேரே. சதுரக் கிலோமீற்றருக்கு இரண்டு பேர் என்று கொள்ளலாம். கசக்ஸ்தானில் அந்த எண் ஏழு அல்லது எட்டு. இதற்கு நேர்மாறானது பங்களாதேஷ். 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே ஒரு சதுரக் கிலோமீற்றரில் 1,100 பேருக்கு மேல் வாழ்ந்தனர். சிங்கப்பூரில் இது ஏறக்குறைய 8,000. சீனாவின் ஆட்சிக்குட்பட்ட மக்காவோ என்னும் சிறு பிரதேசத்திலோ 20,000 என்ற எண்ணையும் தாண்டுகிறது.

இந்த எண்களை ஒரே வரிசையில் நிறுத்தி, யார் முந்தி யார் பிந்தி என்று பார்ப்பது வழக்கம். ஆனால் அவ்வாறு பார்ப்பதில் ஒரு பிழை உண்டு. மக்காவோவும் சிங்கப்பூரும் நகரங்கள். அவற்றுக்கு வயலில்லை, மலையில்லை, பெருங்காடில்லை. உண்ணும் அரிசியும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. பங்களாதேஷ் அத்தகையதன்று, கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்து சேர்த்த வண்டல் நிலத்தில் உழுது பயிரிட்டு உண்ணும் நாடு அது. ஒரு நகரத்தின் செறிவையும் ஒரு நாட்டின் செறிவையும் ஒப்பிடுவது, கடைத்தெருவின் நெருக்கத்தை வயல்வெளியின் நெருக்கத்தோடு ஒப்பிடுவது போன்றதே.

இன்னொரு பிழையும் உண்டு. இந்தோனேசியாவின் செறிவு 2020 இல் சதுரக் கிலோமீற்றருக்கு 141 என்று கணக்கிடப்பட்டது. அந்த நாட்டின் யாவாத் தீவில் மட்டும் அந்த எண் 1,100 க்கு மேல். அதே நாட்டின் கலிமந்தான் பகுதியிலோ 30 அளவிலேதான். இந்த 141 என்னும் சராசரி யாவாவில் வாழ்பவனுக்கும் பொருந்தாது. கலிமந்தானில் வாழ்பவனுக்கும் பொருந்தாது. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கணக்குப் பார்த்து இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கினான் என்று பெரியோர் சொல்வதுண்டு. செறிவுக் கணக்கிலும் அந்த ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கு முறையான முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் எடுக்கப்பட்டது. அப்பொழுது தீவின் மக்கள் தொகை சுமார் 24 இலட்சம். 1946 இல் அது 66 இலட்சத்தைக் கடந்தது. 1981 இல் 148 இலட்சத்தை எட்டியது. 2012 இல் 203 இலட்சத்துக்கு மேலாகியது. 2024 இல் நடைபெற்ற குடிசன மதிப்பு 217 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தீவில் வாழ்வதாகக் கூறியது. உள்நாட்டு நீர்நிலைகளை நீக்கிப் பார்த்தால் இலங்கையின் நிலப்பரப்பு 62,705 சதுரக் கிலோமீற்றர். ஆகவே, 1871 இல் சதுரக் கிலோமீற்றருக்கு 38 பேராக இருந்த செறிவு, 2024 இல் 347 பேராக உயர்ந்தது. நிலம் அதேயளவில் நிற்க, மக்கள் ஒன்பது மடங்காகினர்.

இந்த நாட்டுச் சராசரிக்குள்ளும் யாவாவும் கலிமந்தானும் போன்ற வேறுபாடுகள் உள்ளன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் கொழும்பு மாவட்டத்தின் செறிவு 3,438. முல்லைத்தீவு மாவட்டத்தின் செறிவு 38. அதாவது, 2012 இன் முல்லைத்தீவு 1871 இன் இலங்கையைப் போல் இருந்தது. மலைநாட்டில் கண்டி மாவட்டத்துக்கு 717. நுவரெலியா மாவட்டத்துக்கு 417.

ஊவா மாகாணம் இலங்கையின் நிலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைக் கொண்டது. மக்களிலோ பதினாறில் ஒரு பங்கே இங்கு வாழ்கின்றனர். 1886 இல் தனி மாகாணமாக அமைக்கப்பட்ட ஊவாவில் இன்று பதுளை, மொனராகலை என இரு மாவட்டங்கள் உள்ளன. 2012 இல் பதுளை மாவட்டத்தில் 8,15,405 பேரும், மொனராகலை மாவட்டத்தில் 4,51,058 பேரும் எண்ணப்பட்டனர். மாகாணச் சராசரி சதுரக் கிலோமீற்றருக்கு 152 பேர். ஆனால் பதுளைக்கு 288, மொனராகலைக்கு 82. அடுத்தடுத்து இருக்கும் இரு மாவட்டங்களுக்கிடையே மூன்றரை மடங்கு வேறுபாடு. பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பேருந்தில் செல்பவர் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். மலைச்சரிவெல்லாம் தேயிலையும் லயங்களும் கடைத்தெருக்களுமாக இருந்த காட்சி மெல்ல மாறி, அகன்ற காடும், இடையிடையே குளமும், எட்டி எட்டி அமைந்த வீடுகளுமாக விரிகிறது.

இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது? மழையும் மண்ணும் ஒரு காரணம். பதுளையின் மேட்டுநிலம் ஈரவலயத்துக்கும் உலர்வலயத்துக்கும் இடைப்பட்டது. மொனராகலையின் பெரும்பகுதி உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆனால் மழை மட்டும் காரணமன்று. உலர்வலயத்தில்தான் பண்டைய இலங்கையின் பெரிய குளங்களும் வயல்களும் இருந்தன. வெல்லஸ்ஸ என்று வழங்கும் பகுதியும் நெல் விளைந்த பூமியே. 1817 - 1818 இல் ஆங்கிலேயருக்கு எதிராக ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்கும் பொருட்டு ஊர்கள் எரிக்கப்பட்டன, விளைச்சல் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன, நீர்ப்பாசன வாய்க்கால்கள் சிதைந்தன. போரில் மாண்டவர் போக, பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் சிதறினர். அந்த அழிவிலிருந்து வெல்லஸ்ஸ நெடுங்காலம் எழவில்லை.

அதன்மேல் மலேரியா வந்து குடிகொண்டது. கைவிடப்பட்ட குளங்களும் வற்றும் ஓடைகளும் நுளம்புக்கு வாழ்விடமாயின. காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் அங்கு குடியேறத் தயங்கினர். 1946 முதல் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டு நோய் பெரிதும் கட்டுப்பட்ட பின்னரே உலர்வலயக் குடியேற்றம் வேகம் பெற்றது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார தாபனம் சான்று வழங்கியது. இதற்கிடையில் 1959 இல் மொனராகலை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 1980-களில் பெல்வத்தை, செவனகலைச் சீனி ஆலைகள் அங்கு எழுந்தன. பதுளை மாவட்டத்துக்குள்ளேயே தாழ்ந்து கிடக்கும் மகியங்கனைப் பக்கத்தில் மகாவலி நீர் பாய்ந்து புதிய ஊர்கள் தோன்றின. ஆகவே, மக்கள் குறைவாக இருந்த இடம் பயனற்ற இடம் என்று கொள்ளுதல் தவறு. அங்கு மக்கள் ஏன் குறைந்தனர் என்று கேட்டால் வரலாறு விடை சொல்லும்.

பதுளையின் மலைகளில் மக்கள் செறிந்ததற்கும் வரலாறே காரணம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உரிமைப் பத்திரம் இல்லாத காடும் சேனை நிலமும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டு, தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்வதற்குத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தவர் எண்ணிறந்தோர். வழியிலேயே உயிர்நீத்தோர் தொகையும் சிறிதன்று.

கோப்பிப் பழம் பறிப்பது சில மாதத்து வேலை. வேலை முடிந்ததும் தொழிலாளர் பெரும்பாலும் ஊர் திரும்பினர். அப்படி வந்து போகும் ஆடவர் தங்குவதற்காகக் கட்டப்பட்டவையே லயங்கள். வரிசையாகப் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அளவு. முன்னே ஒரு சிறு வாசல். ஒன்றுக்கொன்று பொதுச் சுவர். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இரட்டை வரிசை. சில மாதத் தங்கலுக்கென எழுந்த இந்தக் கட்டடமே பின்னர் தலைமுறை தலைமுறையாக வாழும் வீடாகியது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தால்தான் தோட்டத்துச் செறிவின் மெய்யான காரணம் விளங்கும்.

1869 இல் ஊவாவின் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கையின் கோப்பிப் பயிரை ஏறக்குறைய அழித்துவிட்டது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும்; வாரத்துக்கொருமுறையேனும் கொய்ய வேண்டும். எனவே ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும்; அதிலும் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வந்து நிலைத்தனர். 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. ஆடி, ஆவணியில் வீசும் உலர்ந்த காற்றினால் தனி மணம் பெறும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. தோட்டம் பெருகியது, மக்கள் பெருகினர், ஆனால் காம்பரா பெருக்கவில்லை. பயிர் மாறியது, தொழிலாளி நிலைத்துவிட்டான், அவன் இருப்பிடம் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது.

நாட்டின் சட்டமும் இந்தச் செறிவைப் பாதித்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 1971 இல் 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் இருந்தனர். 1981 இல் 8 இலட்சத்து 20 ஆயிரத்துக்குக் குறைந்தனர். பத்தாண்டுகளில் இந்தத் தொகை இவ்வாறு வீழ்ந்ததற்குத் தாயகம் திரும்பியோரே பெருங் காரணம். தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிவு செய்துகொண்டோரும் உளர். நாடற்றோர் நிலைக்கு முடிவு காணும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் நிறைவேறின. குடும்பங்கள் பிரிந்தன, அண்ணன் இங்கும் தம்பி அங்குமாயினர். புள்ளிவிவர அட்டவணையில் ஒரு எண் சிறிது குறைவதற்குப் பின்னால் இத்துணை துயரமும் இருக்கக்கூடும்.

2012 இல் பதுளை மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். பசறை, மடூல்சீமை, நமுனுகுலை, ஹாலி எல, அப்புத்தளை, பண்டாரவளை, கொஸ்லாந்தை என மலைச்சரிவெங்கும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்களின் வாழ்விடச் செறிவு என்ன? இங்கேதான் சராசரி எண் நம்மைக் கைவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400 ஹெக்டேயர் பரப்புள்ள ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அது 4 சதுரக் கிலோமீற்றர். அங்கே 400 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஐவராக 2,000 பேர். சாதாரணக் கணக்கின்படி செறிவு சதுரக் கிலோமீற்றருக்கு 500. பதுளை மாவட்டச் சராசரியிலும் இது மிகுதிதான்; ஆனால் கண்டி மாவட்டத்திலும் குறைவு. இதைக் கண்டு அதிகாரி ஒருவர், 'பெரிய நெருக்கடி இல்லை' என்று முடிவு செய்துவிடக்கூடும்.

ஆனால் அந்த 2,000 பேரும் 400 ஹெக்டேயரிலும் வாழவில்லை. அந்நிலத்தில் வாழ்வது தேயிலை. மக்கள் வாழ்வது லயங்களும் அவற்றின் முற்றங்களும் அடங்கிய சிறு துண்டில். அது 8 ஹெக்டேயர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இப்பொழுது கணக்கைப் போட்டால், செறிவு சதுரக் கிலோமீற்றருக்கு 25,000! ஆசியாவின் அட்டவணையில் முதலிடத்தில் நிற்கும் மக்காவோவுக்கு நிகரான நெருக்கம். அங்கு வானளாவிய மாடிகளில் அடுக்கப்பட்டிருக்கும் நெருக்கம், இங்கே ஒற்றைத் தட்டுத் தகரக் கூரையின் கீழ் கிடக்கிறது. காம்பராவினுள் புகுந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்றால் 120 சதுர அடி. ஐவருக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 24 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிப் பாய் ஒன்று 18 சதுர அடியை அடைத்துவிடும். மிஞ்சுவது பெட்டி வைக்கவும், பிள்ளை புத்தகம் விரிக்கவும் போதாது.

நிலவியலார் செறிவை மூவகையாகக் கணிப்பர். மொத்த நிலத்தால் மக்களை வகுப்பது ஒன்று. பயிரிடத்தக்க நிலத்தால் மக்களை வகுப்பது இரண்டாவது. பயிரிடத்தக்க நிலத்தால் உழவரை மட்டும் வகுப்பது மூன்றாவது. தோட்டத்தைப் பொறுத்தவரை நான்காவது ஒரு கணக்கும் வேண்டும்: குடியிருப்பு நிலத்தால் மக்களை வகுக்கும் கணக்கு. அதனைச் செய்யாதவரை, பரந்த பசுமையின் நடுவே மறைந்து கிடக்கும் நெருக்கம் வெளிப்படாது.

தோட்டங்களைச் சூழ்ந்துள்ள சிங்களக் கிராமங்களின் நிலையையும் இங்கே மறத்தல் கூடாது. மேட்டுநிலம் தோட்டங்களாகிவிட்டதால், பள்ளத்தாக்கு வயலையும் வீட்டுத் தோட்டத்தையும் நம்பிய அக்கிராமங்கள் பெருகும் மக்களுக்கு நிலம் காணாது தவித்தன. 1949 இல் நியமிக்கப்பட்டு 1951 இல் அறிக்கை வெளியிட்ட கண்டி விவசாயிகள் ஆணைக்குழு, மத்திய மாகாணத்தையும் ஊவாவையும் ஆராய்ந்து இந்த நிலப்பஞ்சத்தை எடுத்துக் கூறிற்று. ஒரே மலையின் மேலும் கீழும் வாழும் இரு சாராரும், வெவ்வேறு வகையில், ஒரே நிலக்கணக்கின் சுமையைத் தாங்கினர் என்பதே உண்மை.

நெருக்கத்தின் விளைவுகள் யாவை? முதலாவது நீரும் சுகாதாரமும். ஒரு பீலியை நம்பிப் பல குடும்பங்கள் வாழுமிடத்தில் அந்த நீர் மாசுற்றால் லயம் முழுவதும் நோயுறும். காற்றோட்டமற்ற அறையில் ஒருவருக்குக் காசநோய் கண்டால் மற்றவர்க்கும் தொற்றுதல் எளிது. ஒரு காம்பராவில் தீப்பற்றினால் பொதுக்கூரை வழியே வரிசை முழுவதும் எரிந்துபோகும். இரண்டாவது கல்வி. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் வானொலியும் விருந்தாளியும் இருக்க, அங்கேயே பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையின் இடர் சொல்லாமலே விளங்கும். மூன்றாவது, தனிமை. மணமாகி வரும் மருமகளுக்கும், பருவமடைந்த பெண்ணுக்கும் மறைவிடம் என்று ஒன்றில்லாமை உடலையும் உள்ளத்தையும் வருத்துவது. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்ற பழமொழி தனி வீட்டின் அருமையையே கூறுகின்றது.

நான்காவது விளைவு உயிராபத்து. பழைய லயங்கள் பல, தேயிலைக்குப் பயன்படாத செங்குத்தான சரிவிலும் ஓடைக்கரையிலும் கட்டப்பட்டவை. மக்களை அங்கே நெருக்கி வைத்தால், மண் சரியும்போது ஒரே கணத்தில் பல குடும்பங்கள் அழியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பல உயிர்கள் மாண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர்; மாற்று நிலம் கையில் இல்லாதவனுக்கு எச்சரிக்கையால் பயன் சிறிதே. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. மலைச்சரிவில் மழை பெய்வதை நிறுத்த ஒருவராலும் இயலாது. ஆபத்தான சரிவில் மக்களைச் செறித்து வைக்காதிருக்க இயலும்.

மக்கள் குறைந்த மொனராகலைக்கும் அதற்கே உரிய இடர்கள் உண்டு. எட்டி எட்டி வாழும் குடும்பங்களுக்குப் பாதையும் மின்சாரமும் குடிநீரும் கொண்டுசெல்ல ஆளுக்கு ஆகும் செலவு மிகுதி. பேருந்து அருமை, வைத்தியசாலை தொலைவு, பாடசாலையில் பிள்ளைகள் சிலரே. ஆகவே செறிவு குறைந்தால் நலம், மிகுந்தால் தீமை என்று பொதுவிதி வகுக்க முடியாது. சிங்கப்பூரின் நெருக்கத்தில் வளம் இருக்கிறது; லயத்தின் நெருக்கத்தில் வறுமை இருக்கிறது. வேறுபாடு எண்ணிலில்லை; வாழ்வோர்க்கு உள்ள உரிமையிலும், வீட்டிலும், நீரிலும், ஆட்சியிலும் இருக்கிறது.

ஆட்சியைப் பற்றி ஒரு சொல். நெடுங்காலமாகத் தோட்டங்களின் பாதையும் நீரும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டன. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதுவரையில், பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தோர் தம் லயத்து வாசலுக்கு அச்சபையிடம் ஒரு படிக்கட்டுக் கேட்பதும் கடினமாயிருந்தது.

இனி, தீர்வு இயலுமா என்ற வினா எழுகிறது. 'வீடு கட்ட நிலம் எங்கே? தேயிலையை அழிக்க முடியுமா?' என்று கேட்போர் உண்டு. முன்னர் எடுத்துக்கொண்ட கற்பனைத் தோட்டத்துக்கே திரும்புவோம். 2015 ஐ ஒட்டிய காலந்தொட்டு ஒரு தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்ற அளவு பேசப்பட்டு, சில வீட்டுத் திட்டங்களில் நடைமுறைக்கும் வந்தது. பின்னர் இந்திய உதவியுடனான 10,000 வீட்டுத் திட்டத்தில் 10 பேர்ச்சஸ் என்ற அளவு வந்தது. 400 குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் வீதம் 2,800 பேர்ச்சஸ் வேண்டும். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்பதால் அது பதினேழரை ஏக்கர். 10 பேர்ச்சஸ் வீதம் கொடுத்தால் 25 ஏக்கர். தோட்டத்தின் மொத்தப் பரப்போ ஏறக்குறைய 990 ஏக்கர். ஆகவே முதலாவது கணக்கில் தோட்டத்தின் நூற்றுக்கு இரண்டு பங்கிலும் குறைவு. இரண்டாவது கணக்கில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. பாதைக்கும் விளையாட்டிடத்துக்கும் இன்னும் அதே அளவு ஒதுக்கினாலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்துதான் ஆகும். தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். பாதுகாப்பான சரிவைத் தேர்ந்தெடுக்கக் கட்டட ஆராய்ச்சி அறிஞரின் ஆலோசனை வேண்டும். ஆயினும் நிலமே இல்லை என்ற விடை இக்கணக்கின் முன் நிற்காது.

நிலத்தை அளந்து கொடுப்பதோடு உறுதிப் பத்திரமும் கொடுத்தல் வேண்டும். பத்திரம் இல்லாத வீடு இன்னொரு பெயரிலுள்ள லயமே. தன் பெயரில் நிலம் உடையவன் வங்கியில் கடன் பெறலாம். வீட்டை விரித்துக் கட்டலாம். முற்றத்தில் மரக்கறி பயிரிடலாம். தோட்ட வேலையை விட்டாலும் வீட்டை இழக்கமாட்டான். இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிச் செல்லும் காலம் இது. 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் அல்லது மலையகத் தமிழர் எனப் பதியப்பட்டோர் தொகை 2012 இலும் குறைந்து காணப்பட்டது. வேறு பெயரில் பதிந்தோரும் இதில் அடங்குவர் எனினும், மலையை விட்டு மக்கள் இறங்குகின்றனர் என்பதை மறுக்க இயலாது. மக்கள் குறைந்தால் லயத்தின் நெருக்கம் தானே தளரும் என்று காத்திருப்பது தீர்வாகாது. விரட்டப்பட்டுக் குறையும் செறிவுக்கும், வாழ இடம் பெற்று விரியும் செறிவுக்கும் மிகுந்த வேறுபாடுண்டு.

நேயர்கள் இனிமேல் ஒரு நாட்டின் அல்லது மாவட்டத்தின் குடிசனச் செறிவைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இந்த எண்ணுக்கு எந்த நிலம் அளக்கப்பட்டது? அந்த நிலத்தில் மக்கள் உண்மையில் எந்தத் துண்டில் வாழ்கின்றனர்? அந்தத் துண்டு அவர்களுக்கு உரியதா? தோட்டப் பாடசாலைகளில் கற்கும் மாணவர் தம் தோட்டத்தின் பரப்பையும், லயங்களின் எண்ணிக்கையையும், அவற்றில் வாழ்வோர் தொகையையும் திரட்டி இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஓர் அளவுநாடாவும் ஒரு பென்சிலும் போதும். அவ்வாறு கிடைக்கும் எண்ணைப் பிரதேச சபையின் முன்னும் தோட்ட நிர்வாகத்தின் முன்னும் வைப்பார்களாயின், எத்துணை நிலம் வேண்டும் என்ற பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.